பாராடாங் உப்பங்கழியில் ஒரு பகல்

காவிரி கடலோடு கலக்கும் சமவெளியைச் சொந்த ஊராகக் கொண்டவர்கள் நம்மில் பலர். அந்நிலத்தை ஆறுதான் கட்டியது என்பது நமக்குப் பாலபாடம். மேற்கு மலையிலிருந்து நீர் சுமந்து வரும் வண்டல், கடலை நெருங்குகையில் வேகம் குன்றிப் படிகிறது. ஆறு பல கிளைகளாகப் பிரிகிறது. கிளைகளுக்கு நடுவே வயல் விளைகிறது. வடக்கே வெள்ளாறும் கொள்ளிடமும் கடல் சேரும் இடங்களுக்கு இடையில் பிச்சாவரம்; தெற்கே முத்துப்பேட்டை. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் அவ்விரு இடங்களிலும் அலையாத்திக் காடுகள் நிற்கின்றன.

அந்தமானிலோ அத்தகைய பேராறு ஒன்றும் இல்லை. ஆறு என்று குறிப்பிட்டுச் சொல்ல வட அந்தமானில் கல்பாங் ஆறு இருக்கிறது. ஏனையவை பெரும்பாலும் மலைச் சிற்றோடைகளே. ஆயினும் இந்திய வன அளவைத் துறையின் அண்மைய அறிக்கைகளைப் பார்த்தால் வியப்பு உண்டாகிறது. தமிழ்நாட்டில் அலையாத்திக் காடு சுமார் 45 சதுர கிலோமீட்டர். இத்தீவுகளில் 600 சதுர கிலோமீட்டருக்கு மேல். பேராறு இல்லாத நாட்டில் இத்தனை பெரிய காடு எவ்வாறு உண்டாயிற்று? அதை நேரில் காண, ஃபீனிக்ஸ் பே பகுதியில் வாழும் நான்கு குடும்பத்தினர் ஒன்றுகூடி, ஒரு வேன் அமர்த்தி, வழிகாட்டி ஒருவரையும் உடனழைத்துக்கொண்டு பாராடாங் சென்று வந்தோம்.

ஜிர்காடாங் வாயிலில்

2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்ற நம் போர்ட் பிளேர் உறங்கிக்கொண்டிருந்த வேளையில் புறப்பட்டோம். வழிகாட்டி இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ் இளைஞர். பெற்றோர் இராமநாதபுரம் சீமையிலிருந்து வந்தவர்கள். வண்டியில் ஏறியதும் அவர் கேட்டது எல்லோருடைய அடையாள அட்டைகளையும்தான். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் ஒவ்வொருவர் பெயரையும் எழுதிக் கொடுத்தால்தான் அப்பால் செல்ல இயலும். அங்கிருந்து வண்டிகள் குறித்த நேரங்களில், காவலர் துணையுடன், ஒன்றன்பின் ஒன்றாகவே விடப்படுகின்றன. விடியும்வரை வரிசையில் நின்றோம். சாலையோரக் கடையில் தேநீரும் வடையும் கிடைத்தன.

இக்கட்டுப்பாடு எதற்கு என்பதை நம் குடும்பத்தார் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். சாவடிக்கு அப்பால் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தூரம் சாலை செல்வது ஜாரவா மக்களின் காப்பு நிலத்தின் ஊடே. 1956-ஆம் ஆண்டுப் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின்கீழ் அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட காடு அது. பிற்காலத்தில் அந்தமான் நெடுஞ்சாலை அக்காட்டைப் பிளந்துகொண்டு போடப்பட்டது. 1997-ஆம் ஆண்டு இறுதிவரை ஜாரவாக்கள் பெரும்பாலும் வெளியார் உறவை விலக்கியே வாழ்ந்தனர். அவர்கள் வெளியே வரத் தொடங்கிய ஈராண்டுக்குள், 1999-இல், தட்டம்மை அவர்களிடையே பரவியது.

தட்டம்மையில் என்ன இருக்கிறது, நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு வந்து போவதுதானே என்று எண்ணலாகாது. இத்தீவுகளின் வரலாறு வேறு கணக்குச் சொல்கிறது. 1858-இல் ஆங்கிலேயர் இங்கே கைதிகள் குடியிருப்பை நிறுவியபோது பெரிய அந்தமானியர் ஆயிரக்கணக்கில் இருந்தனர். 1877-இல் பரவிய தட்டம்மை அவர்களுள் பெருந்தொகையினரை வாரிக்கொண்டு போயிற்று. 1961-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் எஞ்சியிருந்தோர் 19 பேர். ஜாரவாக்கள் 2011-ஆம் ஆண்டுக் கணக்கில் 380 பேர். நமக்கு ஒரு வாரக் காய்ச்சலாக முடிவது அவர்களுக்கு ஓர் இனத்தின் முடிவாகக்கூடும்.

2002-இல் உச்ச நீதிமன்றம் இச்சாலையின் பகுதிகளை மூட ஆணையிட்டது, சாலை மூடப்படவில்லை. 2012-இல் சுற்றுலாப் பயணிகளுக்காக ஜாரவாப் பெண்கள் ஆடுமாறு தூண்டப்பட்ட காணொளி வெளிவந்து உலகெங்கும் தலைகுனிவை உண்டாக்கியது. 2013-இன் தொடக்கத்தில் சில வாரங்கள் சுற்றுலா வண்டிகள் தடை செய்யப்பட்டு, பின்னர் தடை விலகியது. நாங்கள் சென்ற வழியின் கதை இது.

வண்டி நகருமுன் வழிகாட்டி விதிகளைச் சொன்னார். எங்கும் நிற்கலாகாது, படம் எடுக்கலாகாது, எவருக்கும் உணவோ உடையோ கொடுக்கலாகாது. எங்களோடு வந்த பெரியவர் ஒருவர், "தம்பி, இவ்வளவு தூரம் வந்து அவர்களைக் காணாமலா திரும்புவது?" என்றார்.

"ஐயா, நாம் இன்னொருவர் வீட்டு முற்றத்தின் வழியாகப் போகிறோம். வழிவிடுகிறார்களே என்று தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டியதுதான். அவர்களைக் காணாமல் திரும்பினால் பயணம் நன்றாக நடந்தது என்று எண்ணிக்கொள்ளுங்கள்" என்றார் அவர்.

பெரியவர் மறுமொழி கூறவில்லை. ஆயினும் எமக்கு முன் சென்ற வண்டியின் சன்னலிலிருந்து கைப்பேசி ஒன்று வெளியே நீண்டபோது, "அங்கே பாருங்கள், எத்தகைய செயல்!" என்று முதலில் கடிந்தவர் அவரே. காட்டில் யாரும் இல்லை. படாக்கும் கர்ஜனும் வானளாவ நின்றன. மத்திய நீரிணைத் துறையை அடைந்ததும் வழிகாட்டி இறங்கிச் சென்று அந்தப் பயணியிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அவர் படங்களை அழித்ததை நாங்கள் கண்டோம்.

கடல் கட்டிய காடு

மத்திய நீரிணையை வாகனப் படகில் கடந்து பாராடாங் தீவில் இறங்கினோம். அங்கே வனத்துறை அனுமதி பெற்று, மிதவை அங்கி அணிந்து, சிறு விசைப்படகுகளில் ஏறினோம். எங்கள் படகோட்டியின் முன்னோர் சோட்டா நாகபுரியிலிருந்து காட்டு வேலைக்காகக் கொண்டுவரப்பட்டவர்கள். இங்கே அவர்களை ராஞ்சிக்காரர் என்பது வழக்கம். 1918 முதல் அம்மக்கள் இத்தீவுகளுக்கு வந்து மரம் வெட்டவும் சாலை போடவும் உழைத்திருக்கின்றனர். நம்மைப் போலவே பிழைப்புத் தேடிக் கடல் கடந்தவர்கள்.

அகன்ற நீர்ப்பரப்பை விட்டு உப்பங்கழிக்குள் படகு நுழைந்ததும் ஓசை மாறிற்று. இருபுறமும் பச்சைச் சுவர். சுரபுன்னை மரங்கள் பந்தற்கால் போன்ற முட்டுவேர்களைச் சேற்றில் ஊன்றி நின்றன. பிச்சாவரத்தைக் கண்டவர்களுக்கு மரங்களின் உயரமே முதல் வியப்பு. அங்கே ஆற்றில் வரும் நன்னீர் குறையுங்காலத்து மண்ணில் உப்பு மிகுந்து மரங்கள் குன்றுகின்றன. இங்கோ ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. உப்பு அவ்வப்போது கழுவப்படுகிறது.

எங்கள் கேள்விக்கும் விடை அங்கே கிடைத்தது. இத்தீவுகள் கடலில் மூழ்கிய மலைத்தொடர் ஒன்றின் உச்சிகள். உச்சிகளுக்கு இடையே குறுகிய நீரிணைகளும் கழிகளும் உள்ளன. வெளிக்கடலின் அலை அவற்றுள் புகுவதில்லை. ஏற்றவற்றம் மட்டும் நாளுக்கு இருமுறை வந்து போகிறது. மலைச்சரிவிலிருந்து மழை கரைத்துவரும் மண், அமைதியான அந்நீரில் படிகிறது. வேர்கள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. காவிரி தன் நாட்டைப் பல நூறு கிலோமீட்டர் நடந்து வந்து கட்டுகிறது. இங்கே மழையும் வேலிநீரும் உள்ளூரிலேயே அவ்வேலையைச் சிறிது சிறிதாகச் செய்கின்றன.

படகோட்டி பொறியை நிறுத்தி ஒரு கிளையைக் காட்டினார். முருங்கைக்காய் போல நீண்ட பச்சை நாற்றுகள் அதில் தொங்கின. சுரபுன்னையின் விதை மண்ணில் விழுந்து முளைப்பதில்லை. தாய்மரத்திலேயே முளைத்து, நாற்றான பின்பே விழுகிறது. சேற்றில் குத்தி நின்றால் அங்கேயே வேரூன்றும். நீரில் விழுந்தால் மிதந்து சென்று வேறொரு கரையில் வேரூன்றும். "நம் கதைதான்" என்று எங்களுள் ஒருவர் கூற, எல்லோரும் நகைத்தோம்.

சிதம்பரத்துக்காரரான அம்மையார் ஒருவர் கரையோரத்து மரமொன்றைக் கண்டு, "அது தில்லை அல்லவா? குழந்தைகளே, கையை நீட்டாதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும்" என்றார். அவருடைய ஊருக்குத் தில்லை என்னும் பெயரைத் தந்ததும் நடராசர் கோயிலின் தலமரமாக விளங்குவதும் அம்மரமே. ஊரிலும் அதைக் கோயிற் சிற்பத்தில்தான் தாம் கண்டதாகவும், காட்டில் நிற்கக் காண்பது இதுவே முதன்முறை என்றும் அவர் சொன்னார்.

கழி குறுகக் குறுக மரங்கள் மேலே கைகோத்துக் கூரையிட்டன. சேற்றில் நண்டுகள் ஓடின. கையை நீரில் விடக்கூடாது என்று படகோட்டி எச்சரித்தார்; உவர்நீர் முதலைகள் வாழும் கழி அது. நயாடேராத் துறையில் மரப்பாலத்தின்மீது இறங்கி, வயலும் தோப்பும் கடந்து நடந்தால் சுண்ணாம்புக் குகைகள். பண்டைக் கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் பாறையாகி, அப்பாறையில் மழைநீர் கசிந்து, சொட்டுச் சொட்டாகத் தொங்கூசிகளைச் சமைத்திருக்கிறது. மனிதக் கையின் எண்ணெய்ப் பசை பட்டால் அவற்றின் வளர்ச்சி கெடும் என்பதால் தொடாமல் பார்த்துத் திரும்பினோம்.

2004-க்குப் பின்

திரும்பும் வழியில் பட்டுப்போன மரங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் நிலநடுக்கத்தில் இத்தீவுகளின் தரையே அசைந்தது. தென் அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. வட அந்தமான் உயர்ந்தது. தாழ்ந்த இடங்களில் மூச்சுவேர்கள் நீரில் அமிழ்ந்தன. உயர்ந்த இடங்களில் ஏற்றநீர் எட்டாமல் வேர்கள் காய்ந்தன. இரு திசையிலும் அலையாத்திகள் பட்டுப்போயின. நம் ஊருக்கருகே சிப்பிகாட்டில் வயலாக இருந்த நிலம் நீர்நிலையாகிவிட்டதை நாம் எல்லோரும் அறிவோம்.

அதே நாளில் தாய்நாட்டுக் கரையில் இக்காடு செய்த உதவியும் நினைவிற்கொள்ளத் தக்கது. கடலூர் மாவட்டக் கடற்கரையை ஆராய்ந்து 2005-இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வு, மரங்களின் மறைவில் இருந்த சிற்றூர்கள் குறைந்த சேதமே அடைந்தன என்று தெரிவித்தது. அலையை ஆற்றும் காடு என்று நம் முன்னோர் வைத்த பெயர் வெறும் அலங்காரம் அன்று. கரையில் வாழும் நமக்கு இக்காடு விறகு மட்டும் அன்று, கம்பு மட்டும் அன்று, வேலி.

செல்ல விரும்பும் அன்பர்களுக்கு

இக்கட்டுரையைப் படித்துவிட்டுப் பலர் பாராடாங் செல்ல விரும்பக்கூடும். செல்வதற்குரிய இடம்தான். ஆயினும் நாங்கள் வீடு திரும்பியபின் எங்களுள் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். அதை இங்கே வைக்கிறோம்.

அலையாத்திக் காட்டைக் காண்பதே நோக்கமாயின், ஜாரவாக்களின் காட்டைக் கடந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து கப்பலில் ரங்கத் செல்லலாம். ரங்கத்துக்கு அருகே தனிநல்லாவில் அலையாத்திக் காட்டின் நடுவே நீண்ட மரநடைபாதை உண்டு. முட்டுவேர்களைக் கைக்கெட்டும் தூரத்தில் காணலாம். பாராடாங்குக்கே செல்வதாயின், கடல்வழிப் படகு கிடைக்கிறதா என்று முதலில் விசாரித்து, கிடைத்தால் அதையே கொள்க. மருத்துவம், கல்வி, வாணிகம் முதலியவற்றுக்காகச் சாலையை நம்பி வாழும் நடு அந்தமான், வட அந்தமான் மக்களின் தேவை வேறு. ஒரு நாள் உல்லாசத்துக்காகச் செல்லும் நம் ஆசை வேறு. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது.

சாலை வழியே சென்றே தீரவேண்டியவர்கள், இருமலோ காய்ச்சலோ அம்மையோ உள்ள பிள்ளையை அன்று வீட்டில் நிறுத்துக. கைப்பேசியைப் பையில் இடுக. தின்பண்டம் எதையும் சன்னலுக்கு வெளியே கொடுக்கவோ எறியவோ வேண்டாம். "காட்டு மனிதரைக் காட்டுகிறோம்" என்று ஆசை காட்டும் வழிகாட்டி கிடைத்தால் அவரை அமர்த்தாமல் விடுக. பிள்ளைகளுக்கு முன்னதாகவே சொல்லிவைத்தால் அவர்கள் நம்மைவிட நன்றாகவே நடந்துகொள்கிறார்கள்.

2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இத்தீவுகளில் நூற்றுக்குச் சுமார் 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். மூன்று தலைமுறையாக இம்மண்ணின் சோற்றை உண்டு வளர்ந்த குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. நாம் வருமுன் பல்லாயிரம் ஆண்டுகளாக இங்கே வாழ்ந்துவரும் மக்களின் வாயிலைக் கடக்கையில் எவ்வாறு நடந்துகொள்வது என்பதும் நம் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்லும் கல்வியில் ஒரு பகுதி. விருந்தோம்பலைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுகிறோம். நல்ல விருந்தினராய் இருப்பதும் அதே அறத்தின் மறுபக்கம்தான்.