தானே புறப்படாத மின்சுற்று

கணிப்பொறித் திரையில் இயங்க மறுக்கும் மின்சுற்றைத் தவறென்று தள்ளிவிடுமுன் சற்றுப் பொறுத்தல் நலம். கடத்தூரில் வசிக்கும் என் தங்கை மகன், டிப்ளமா இறுதியாண்டு மாணவன், இரு டிரான்சிஸ்டர்களால் இரு விளக்குகளை மாறி மாறி எரியச் செய்யும் சுற்றொன்றை வரைந்து ஓட்டினான். இரண்டும் ஒருசேர எரிந்தனவேயன்றி மாறவில்லை. “எனக்கு இந்தப் படிப்பு வராது, மாமா” என்று சோர்ந்துவிட்டான்.

குறை சுற்றில் இல்லை. பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1973-இல் உருவான ‘ஸ்பைஸ்’ நிரலும் அதன் வழிவந்தவையும், காலத்தை ஓடவிடுமுன் சுற்றின் அமைதிநிலையைக் கணக்கிட்டு, அங்கிருந்தே தொடங்குகின்றன. இரு பக்கமும் அணுவளவும் பிசகாமல் ஒத்திருப்பின் எப்பக்கம் முந்துவது? தராசு முள் நடுவிலேயே நின்றுவிடுகிறது. கடையில் வாங்கும் டிரான்சிஸ்டர்களோ ஒன்றுபோல் மற்றொன்று இரா. (இரட்டைப் பிள்ளைகளை வளர்த்த தாய்மார் இதை அறிவர்!) வெப்பத்தால் எழும் நுண்ணிய இரைச்சலும் சேர்ந்து, மெய்யான சுற்றை மின்சாரம் தந்தவுடன் ஒருபக்கம் சாய்த்துவிடும்.

ஆகவே, ஒரு மின்தேக்கிக்கு மட்டும் தொடக்க மின்னழுத்தம் தந்து, அமைதிநிலைக் கணக்கைத் தவிர்க்கும்படி நிரலுக்குக் கட்டளையிடச் சொன்னேன். விளக்குகள் மாறத் தொடங்கின. ஒரு மின்தடையின் அளவைச் சிறிது மாற்றினால் போதும் என்பாரும் உளர். அதை மட்டும் நம்புவதற்கில்லை. புதிய அளவுக்கேற்பப் புதியதோர் அமைதிநிலையை நிரல் கண்டுகொண்டு, அதிலேயே அமர்ந்துவிடக்கூடும்.