டிம்மியும் திருச்சிக் கருப்பும்

உங்கள் இல்லத்தில் நான்கு வயதுக் குழந்தை இருக்குமாயின் டிம்மியை நீங்களும் அறிந்திருக்கக்கூடும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலுள்ள ஆர்ட்மன் நிறுவனம் படைத்து, பி.பி.சி.யின் மழலையர் அலைவரிசையில் 2009ஆம் ஆண்டு வெளிவரத் தொடங்கிய 'டிம்மி டைம்' தொடரின் நாயகனான ஆட்டுக்குட்டி அது. பண்ணையின் குட்டிகளெல்லாம் பாலர் பள்ளிக்குச் செல்லும்; நாரையும் ஆந்தையும் ஆசிரியர்கள். ஒவ்வொரு கதையும் ஏறத்தாழப் பத்து நிமிடம். உரையாடலே கிடையாது, விலங்கின் குரல்கள்தாம். ஆகவே பாலக்கரையில் கைப்பேசியும் கையுமாக அமர்ந்திருக்கும் என் பேத்திக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

எம் இளமையில் பண்ணை நிகழ்ச்சி என்றால் அது பெரியவர்களுக்கானது. 1939 மே 16இல் தொடங்கிய திருச்சி வானொலி, உழவர்க்கு நாள்தோறும் செய்தி சொல்லிற்று. 1960களில் தஞ்சை மாவட்டத்தில் வானொலி வழியே பரவிய 'ஆடுதுறை 27' நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வழங்கிற்று. 1975இல் தோன்றிய சென்னைத் தொலைக்காட்சி 'வயலும் வாழ்வும்' தந்தது. உரமும் பூச்சிமருந்தும் விலையும் பேசிய அந்நிகழ்ச்சியைப் பிள்ளைகள் பொறுத்துக்கொண்டனர், அவ்வளவுதான். இன்றோ பண்ணையே குழந்தைகளின் விளையாட்டுக்கூடமாகிவிட்டது. அங்கே சண்டை மூண்டால் மன்னிப்பு உண்டு. தின்பண்டம் இருந்தால் பங்கீடு உண்டு. விற்பனை மட்டும் இல்லை, அறுப்பும் இல்லை.

சென்ற ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பத்து நாள் முன்பாகச் சமயபுரம் ஆட்டுச் சந்தைக்குப் புறப்பட்டேன். பேத்தியும் உடன் வந்தாள். 'திருச்சிக் கருப்பு' இனத்துச் செம்மறிக்கிடா ஒன்றை வாங்கினேன். முறுக்கிய கொம்பு, முரட்டு உரோமம், கரிய நிறம்.

"நன்னா, டிம்மி ஏன் கறுப்பா இருக்கு?" என்றாள் அவள்.

அப்பெயர் அந்தக் கணத்திலேயே நிலைத்துவிட்டது. எனக்கோ நெஞ்சில் முள் தைத்தது.

கொள்ளிடப் பாலத்தைக் கடந்து வரும் வழியில், திருவரங்கத்திலுள்ள என் பழைய அலுவலக நண்பரின் இல்லத்தில் வண்டியை நிறுத்தினேன். அவர் வீட்டுத் தொழுவத்தில் இரண்டு பசுக்கள். கன்று பால் குடிப்பதைப் பேத்தி வாய்பிளந்து பார்த்திருக்க, நண்பர் என்னைத் தனியே அழைத்தார். புலால் உண்ணாதவர், ஏதேனும் இடித்துரைப்பாரோ என அஞ்சினேன்.

"குழந்தைகிட்ட சொல்லிட்டேளா பாய்?"

"இல்லை. ஊருக்குப் போய்விட்டது என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்."

"அது மட்டும் வேண்டாம். நான் சின்னப் பையனா இருந்தப்போ எங்காத்துக் காளைக்கன்னை வித்துட்டு, மேய்ச்சலுக்குப் போயிருக்குன்னார் எங்கப்பா. உண்மை தெரிஞ்சப்புறம் அவர் சொன்ன எதையுமே நான் லேசில நம்பலை."

அன்றிரவு பேத்தியை மடியில் அமர்த்திச் சொன்னேன். பெருநாளன்று இந்தக் கிடாவை அறுப்போம், இறைவனுக்காகக் கொடுக்கிறோம், ஏழைகளும் உண்பார்கள் என்றேன். "வலிக்குமா?" என்றாள். வலிக்காது என்று சொல்ல நா எழவில்லை. கத்தியை நன்கு தீட்டி, அதற்குத் துன்பம் தராமல் அறுக்க வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளை என்பதையும், அவர்களே இளமையில் மக்காவாசிகளின் ஆடுகளை மேய்த்தவர்கள் என்பதையும் எடுத்துரைத்தேன். அவள் அழுதாள். மறுநாள் காலை அகத்திக்கீரையுடன் கிடாவின் முன்னே நின்றாள். பெருநாள் வரை அந்தப் பணியை வேறெவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

பெருநாளன்று அறுக்கும் வேளையில் அவளை அண்டை வீட்டில் இருத்தினோம். நண்பகலில் அவள் இறைச்சியைத் தொடவில்லை, தயிர்ச்சோறு கேட்டாள். மருமகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் கண்ணால் தடுத்தேன். மாலையில் ஏழைகளுக்குரிய பங்கை எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது, பொட்டலம் ஒன்றைத் தானும் சுமப்பேன் என்றாள். ஒரு குடிசை வாயிலில் அவள் வயதொத்த சிறுமி கை நீட்டினாள். "இது எங்க ஆடு. நான்தான் தழை போட்டேன்" என்று சொல்லிக் கொடுத்தாள். அக்குரலில் துயரமும் இருந்தது, பெருமிதமும் இருந்தது.

பெற்றோர்களே! டிம்மியை நான் தடுக்கவில்லை. பிற உயிரின்மீது பரிவு கொள்ள அக்குட்டி கற்றுத்தருகிறது. அந்தப் பரிவு இல்லாத குர்பானி வெறும் இறைச்சியாகிவிடும். ஆனால் அத்தொடர் சொல்லாமல் விடும் மீதிக் கதையைச் சொல்ல வேண்டியவர்கள் நாம். அதைப் பொய்யால் நிரப்பினால், குழந்தை இழப்பது ஆட்டை மட்டுமன்று, நம்மையும்தான்.

இவ்வாண்டும் சமயபுரம் வருகிறாயா என்று பேத்தியிடம் கேட்டிருக்கிறேன். அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.