பஞ்சும் சில தேதிகளும்

ஒரு யூரோவுக்கு 655.957 சி.எஃப்.ஏ. ஃபிராங்க். அசையாத கணக்கு. மூன்று தசமம் வரை.

மேற்கு ஆப்பிரிக்காவில் பருத்தி விற்பது டாலர் விலைக்கு. வீட்டுச் செலவு ஃபிராங்கில். டாலர் சரிந்தால் உலகச் சந்தையில் விலை ஏறினாலும் கைக்கு வராது.

நாணயம் உலக வர்த்தக அமைப்பின் வேலை இல்லையாம். அது வாஷிங்டனில், ஐ.எம்.எஃப். பாடு.

2003 ஜூன் 10, ஜெனீவா, உலக வர்த்தக அமைப்பு. புர்கினா ஃபாஸோ அதிபர் பிலேஸ் கொம்பாவோரே நேரில் வந்து பேசுகிறார். பருத்தியைப் பற்றி. ஓர் அதிபரே வருவது அங்கே வழக்கமில்லை.

கேட்டது இரண்டு. பணக்கார நாடுகள் பருத்தி மானியத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தும்வரை நஷ்ட ஈடு தர வேண்டும்.

கூட இருந்தவை பெனின், சாட், மாலி. நான்கும் சேர்ந்து 'சி-4'. அந்தப் பெயரில் ஒரு வெடிமருந்தும் உண்டு. அது வேறு.

2001-02 கணக்கு: அமெரிக்காவில் பருத்தி விவசாயிகள் சுமார் 25,000 பேர். அவர்களுக்குப் போன மானியம் சுமார் 300 கோடி டாலர். புர்கினா ஃபாஸோவின் மொத்த உற்பத்தியைவிட அதிகம். கொம்பாவோரேயும் மாலி அதிபர் டூரேயும் சேர்ந்து நியூயார்க் டைம்ஸில் எழுதினார்கள். படித்திருப்பார்கள்.

டெக்சாஸில் அறுவடை இயந்திரமே பருத்தியை உருட்டி, மஞ்சள் அல்லது இளஞ்சிவப்பு பிளாஸ்டிக் சுற்றி வயலில் போட்டுவிட்டுப் போகும்.

மாலியில் கை.

கையால் எடுத்த பஞ்சில் இலை, தூசி குறைவு. ஆனால் சாக்கின் பிளாஸ்டிக் இழை கலந்திருக்கும் என்று விலையைக் குறைப்பார்கள். சாக்கு எங்கிருந்தோ வந்தது.

2003 செப்டம்பர், கான்கன். உலக வர்த்தக அமைப்பின் மாநாடு. ஹோட்டல்கள் ஒரு பக்கம், வேலி, மறுபக்கம் ஊர்வலம். 10ஆம் தேதி கொரிய விவசாயி லீ கியூங்-ஹே வேலிமேல் ஏறி, கத்தியால் குத்திக்கொண்டு இறந்தார்.

13ஆம் தேதி வரைவு வந்தது. பருத்திக்கு ஒரு பத்தி. மானியத்துக்குக் கெடு இல்லை. நஷ்ட ஈடு இல்லை. அந்த நாடுகள் வேறு தொழில்களுக்குப் பரவ உலக வங்கி போன்றவை உதவட்டும் என்று இருந்தது.

அதாவது, வேறு ஏதாவது செய்து பிழையுங்கள்.

14ஆம் தேதி மாநாடு முறிந்தது. முறிந்தது முதலீடு, போட்டி, அரசுக் கொள்முதல் சமாச்சாரங்களில். பருத்தி முறைப்படி தோற்கக்கூட இல்லை.

மானியங்களுக்கு நிறம் உண்டு. ஆம்பர் பெட்டி: குறைக்க வேண்டியது. நீலப் பெட்டி: சில நிபந்தனைகளோடு விட்டுவைப்பது. பச்சைப் பெட்டி: எவ்வளவும் கொடுக்கலாம்.

பருத்தி மானியங்களை எதிர்த்துப் பிரேசில் அங்கே போட்ட வழக்கில் அமெரிக்காவின் ஒரு பச்சை மானியம் பச்சை இல்லை என்று ஆனது. காரணம் காய்கறி. அந்த நிலத்தில் பழமோ காய்கறியோ போட்டால் பணம் குறையும் அல்லது கிடைக்காது என்று விதி வைத்திருந்தார்கள். நிறம் போய்விட்டது. கத்தரிக்காய்க்கு இவ்வளவு செல்வாக்கா.

அதே வழக்கில் பெனினும் சாடும் மூன்றாம் தரப்பு. உட்காரலாம், எழுதித் தரலாம், பேசலாம். நஷ்ட ஈடு வசூலிக்க முடியாது.

2005 மார்ச்: மேல்முறையீட்டிலும் பிரேசில் ஜெயித்தது.

2010: பதிலடி வரி வேண்டாம் என்று அமெரிக்கா பிரேசில் பருத்தித் துறைக்கு ஆண்டுக்கு 14.73 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

தன் விவசாயிக்கு மானியம் தொடர வேண்டும். அதற்காக அடுத்த நாட்டு விவசாயிக்கும் பணம். எழுதிவிட்டுத் திரும்ப வாசித்தேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

2014 அக்டோபர் 1: ஒரே தொகையாக இன்னும் 30 கோடி டாலர், கணக்கு முடிந்தது. கையெழுத்திட்டவை இரண்டு நாடுகள்.

அந்தப் பணத்தில் ஒரு பகுதி பின்னால் ஆப்பிரிக்காவில் பருத்திப் பயிற்சித் திட்டங்களுக்குப் போயிற்று. கொடுத்தவர் பெயர் பிரேசில்.

அதே 2014 அக்டோபர் 31: கொம்பாவோரே பதவி விலகி ஐவரி கோஸ்ட்டுக்குத் தப்பினார். 27 வருஷம். தாமஸ் சங்கரா கொல்லப்பட்ட 1987 அக்டோபரில் பதவிக்கு வந்தவர்.

சங்கரா காலத்தில் அரசு ஊழியர்கள் உள்ளூர்ப் பருத்தித் துணி உடுத்த வேண்டும். ஃபாஸோ டான் ஃபானி. கைத்தறி. முணுமுணுத்தவர்களும் இருந்திருப்பார்கள்.

கூடுகூ ஊரில் ஃபாஸோ ஃபானி என்று ஒரு ஜவுளி மில். 2001இல் மூடினார்கள். உலக வங்கி, ஐ.எம்.எஃப். சீரமைப்புத் திட்டக் காலம்.

2001 நவம்பர்: தோஹாவில் 'வளர்ச்சி' பெயரால் வர்த்தகப் பேச்சுவார்த்தையின் புதிய சுற்று ஆரம்பம். பருத்தி விலை அந்தச் சமயத்தில் சுமார் 30 வருஷத்தில் இல்லாத அளவு கீழே.

2008இல் புர்கினா மரபணு மாற்றிய பி.டி. பருத்திக்கு மாறியது. 2016இல் கைவிட்டது. நார் குட்டையாகிவிட்டது. நம் மில்காரர்களிடம் இதை விளக்க வேண்டியதில்லை. ஸ்டேபிள் குறைந்தால் முதலில் முகம் மாறும், பிறகு விலை.

கோவை பக்கத்து நூற்பாலைகளுக்கும் மேற்கு ஆப்பிரிக்கப் பஞ்சு வருகிறது.

இந்தியா சி-4 பக்கமா? பயிற்சி உதவி கொடுத்திருக்கிறது. 2018இல் இந்தியா பருத்திக்குத் தரும் ஆதரவு விலை வரம்பு மீறியது என்று அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பிடம் எழுதிக் கொடுத்தது. யார் யாரைச் சொல்வது.

2005, ஹாங்காங் மாநாடு. பணக்கார நாடுகள் பருத்திக்கான ஏற்றுமதி மானியத்தை 2006இல் நிறுத்த வேண்டும் என்று முடிவு. உள்நாட்டு மானியம்தான் பெரிய பணம். அது பேச்சுவார்த்தைக்கே விடப்பட்டது.

அதே மாநாட்டில்: மிக ஏழை நாடுகளின் பொருள்களில் 97 சதவீத வகைகளுக்காவது சுங்கம் இல்லை. மீதி 3 எவை என்பது வாங்கும் நாட்டின் இஷ்டம். பங்களாதேஷ் விற்பதில் பெரும்பங்கு ஆயத்த ஆடை. சட்டை, பேன்ட், டி-ஷர்ட் அடைய 3 தாராளம்.

ஜெனீவாவில் அலுவலகம் வைக்க முடியாத உறுப்பு நாடுகள் உண்டு. அவர்களை வரவழைக்க 'ஜெனீவா வாரம்' நடத்துகிறார்கள். மீதி வாரங்களில் கூட்டம் நிற்பதில்லை.

உலக வர்த்தக அமைப்பின் ஏரிக்கரைக் கட்டடம் 1926இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்புக்குக் கட்டியது. சுவரெல்லாம் உழைப்பைப் பற்றிய ஓவியங்கள். அதன் முன்னோடியான காட் குடிவந்த பிறகு சிலவற்றை மூடி மறைத்தார்கள். இந்த நூற்றாண்டில் மறுபடி வெளியே. யாருக்கோ உறுத்தியிருக்கிறது.

2019 அக்டோபர் 7: சி-4 கேட்டபடி உலகப் பருத்தி நாள். கேட்டவற்றில் முழுசாகக் கிடைத்தது இது.

2019 டிசம்பர்: அமெரிக்கா புதிய நியமனங்களைத் தடுத்துவந்ததால் மேல்முறையீட்டு அமைப்பில் வழக்கு கேட்க ஆள் போதவில்லை. மூன்று பேர் வேண்டும், மிஞ்சியது ஒருவர். அவர் பதவிக்காலமும் அடுத்த நவம்பரில் முடிந்தது.

பிரேசில் அதே வழக்கை இன்று போட்டால் தோற்பவர் மேல்முறையீடு செய்துவிட்டால் போதும். வழக்கு அங்கேயே நிற்கும்.