சராசரி மழையும் சராசரி லாபமும்



போன வாரம் என்னிடம் படித்த மாணவர் ஒருவர் போன் செய்தார். "சார், கையில கொஞ்சம் பணம் இருக்கு. ஷேர்ல போடலாமா? வருஷத்துக்குச் சராசரியா பதினஞ்சு பர்சென்ட் வருமாம்" என்றார். அந்தப் பதினைந்துக்கும் எனக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. அதற்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2008 ஜனவரியில் பங்குகளில் முதலீடு செய்யும் ஒரு ஃபண்டில் ஒரு லட்சம் ரூபாய் போட்டேன். அப்போது சென்செக்ஸ் இருபதாயிரத்துக்கு மேல். மறு வருடம் பிப்ரவரி கடைசியில் வீட்டம்மாவுக்கு மதுரையில் ஆபரேஷன். வேறு வழியில்லாமல் பணத்தை எடுத்தேன். கைக்கு வந்தது நாற்பத்திரண்டாயிரம். 2009 மார்ச் 9-இல் சென்செக்ஸ் 8,160-இல் முடிந்தது. அதற்குப் பிறகு ஏற ஆரம்பித்தது. ஏறும்போது என் பணம் அதில் இல்லை.

2011 தொடக்கத்தில் அருப்புக்கோட்டையில் ஏஜென்ட் தம்பி ஒருவர் ஒரு தாளைக் காட்டினார். "சார், மூணு வருஷச் சராசரி பதினஞ்சு பர்சென்ட். நீங்கதான் அவசரப்பட்டுட்டீங்க" என்றார். வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்தேன்.

சென்செக்ஸ் ஆண்டுக் கடைசி எண்கள் இவை:

2007 – 20,287
2008 – 9,647 (52.4 சதவீதம் இறக்கம்)
2009 – 17,465 (81 சதவீதம் ஏற்றம்)
2010 – 20,509 (17.4 சதவீதம் ஏற்றம்)

மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 15.3 வருகிறது. தம்பி பொய் சொல்லவில்லை. ஆனால் 20,287 மூன்று வருடம் கழித்து 20,509 ஆகியிருக்கிறது. மொத்த லாபமே 1.1 சதவீதம்தான். ஆண்டுக்கு அரை சதவீதம்கூட இல்லை! (ஈவுத்தொகை இந்த எண்ணில் சேராது. அதைச் சேர்த்தாலும் பதினைந்துக்குப் பக்கத்தில் வராது.)

எப்படி? நூறு ரூபாய் பாதியாகி ஐம்பது ஆனால், பழையபடி நூறாக நூறு சதவீதம் ஏற வேண்டும். இறக்கம் பெரிய தொகையில் நடக்கிறது, ஏற்றம் மிச்சமிருக்கும் சின்னத் தொகையில் நடக்கிறது. அதனால் சதவீதங்களைக் கூட்டி வகுக்கக் கூடாது. போட்டது எவ்வளவு, இப்போது இருப்பது எவ்வளவு, எத்தனை வருடம் என்று பார்த்து, கூட்டுவட்டிக் கணக்காகத்தான் போட வேண்டும்.

மாதாமாதம் போடுகிறவர்களுக்கு இன்னொரு குழப்பம். மாதத் தொடக்கத்தில் ஆயிரம் வீதம் 12,000 போட்டு, வருடக் கடைசியில் 12,600 இருந்தால் ஐந்து சதவீதம் என்று நினைப்போம். கடைசி ஆயிரம் ஒரு மாதம்தானே அதில் இருந்தது? தேதிவாரியாகப் பார்த்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 9 சதவீதம். கம்ப்யூட்டரில் எக்ஸெல் ஷீட்டில் தேதியையும் தொகையையும் எழுதி எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். என்ற சூத்திரத்தைப் போட்டால் அதுவே சொல்லிவிடும்.

ஏற்ற இறக்கத்தை அளக்கவும் வழி உண்டு. பேரனின் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'திட்ட விலக்கம்' இருக்கிறது. சராசரியிலிருந்து ஒவ்வொரு எண்ணும் எவ்வளவு விலகி நிற்கிறது என்று சொல்லும் அளவு அது. மேலே உள்ள மூன்று வருடங்களுக்குப் போட்டுப் பார்த்தேன். சராசரி 15, விலக்கம் 54! தபால் ஆபீஸில் மூன்று வருடமும் எட்டு எட்டாக வந்தால் விலக்கம் பூஜ்யம்.

திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்து மானாவாரிக்காரருக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வருடச் சராசரி மழை பெய்துவிட்டது என்று ஆபீஸ் கணக்குச் சொல்லும். பருத்தி பூக்கிற நேரத்தில் காய்ந்து, எடுக்கிற நேரத்தில் கொட்டியிருந்தால் அந்தச் சராசரியை வைத்து என்ன செய்வது? கண்மாயில் தண்ணீர் கிடந்தால் சமாளிக்கலாம். பணத்துக்கும் ஒரு கண்மாய் வேண்டும். 2008-இல் என்னிடம் அது இல்லை. தப்பு சந்தையில் இல்லை, ஆபத்துக்கு வைத்திருக்க வேண்டிய பணத்தை அங்கே கொண்டுபோய் வைத்த என்னிடம்தான்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே 2007 கடைசியில், உச்சத்துக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு 2023 கடைசி வரை ஒருவர் தொடாமல் இருந்திருந்தால்? சென்செக்ஸ் 72,240. பதினாறு வருடத்தில் மூன்றரை மடங்கு. கூட்டுவட்டியாக ஆண்டுக்கு 8 சதவீதத்துக்குச் சற்று மேல், ஈவுத்தொகை தனி. மோசமில்லை. ஆனால் காத்திருக்க முடிந்தவருக்குத்தான் அது.

மாணவரிடம் ஒன்றுதான் கேட்டேன்: "இந்தப் பணம் எப்ப வேணும்ப்பா?"

"அடுத்த வருஷம் பாப்பாவுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும் சார்."

"அப்ப இது வேண்டாம். ஃபீஸ் போக மிச்சம் இருந்தா, பத்து வருஷம் தொடாம இருக்க முடியும்னா, அப்ப பேசுவோம்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "சரிங்க சார், பேங்க்லயே போட்டுடறேன்" என்றார்.

நான் இந்தத் துறையில் நிபுணன் இல்லை. கணக்கில் பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.