வாப்பாவின் கைக்கடிகாரம் யாருக்குச் சொந்தம்?

பழைய கைக்கடிகாரங்களைத் தேடி வாங்குவதும் சேர்த்து வைப்பதும் இன்று பலருக்கும் பிரியமான பொழுதுபோக்காகிவிட்டது. இதை எழுதுபவனுக்கும் அந்தப் பைத்தியம் உண்டு. ஆயினும் வாசக நேயர்களே, இன்று வாங்குகிறவர்களைவிட விற்கிறவர்களிடமே அதிகம் பேச விரும்புகிறேன். சந்தைக்கு வரும் நல்ல கடிகாரங்களில் பல, மவ்த்தாகிப்போன ஒருவரின் பெட்டியிலிருந்தே வருகின்றன.

நம் ஊர்களில் அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கும் என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம். பாட்டனார் காலத்து வெஸ்ட் எண்ட். திருமணத்தின்போது மாமனார் வீட்டில் போட்ட ஃபாவ்ர் லூபா. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத் துணையோடு 1961-இல் பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யின் 'ஜனதா', சபர் போனவர் முதல் விடுமுறையில் கட்டிவந்த சீக்கோ 5. (மாப்பிள்ளைக்குத் தங்கக் கடிகாரம்தான் வேண்டுமென்று கைக்கூலியோடு சேர்த்துக் கேட்டு வாங்கிய குடும்பங்களும் உண்டு. ஆணுக்குத் தங்கம் ஆகாது என்ற மார்க்கச் சட்டம் அந்த நேரத்தில் மட்டும் எப்படியோ மறந்துபோகிறது!)

சீக்கோ இருந்தால் அதன் பின்மூடியைப் பாருங்கள். பழையவற்றில் பெரும்பாலும் ஆறிலக்கத் தொடர் எண் ஒன்று இருக்கும். முதல் இலக்கம், தயாரித்த ஆண்டின் கடைசி இலக்கம். இரண்டாவது, மாதம், அக்டோபருக்குச் சுழியும், நவம்பருக்கும் டிசம்பருக்கும் என், டி என்னும் ஆங்கில எழுத்துகளும் வரும். எட்டில் தொடங்கினால் அது 1978-ஆ, 1988-ஆ என்பதை இயந்திர எண்ணைக் கொண்டும், வாப்பா சபர் போன ஆண்டைக் கொண்டும் தெளிந்துகொள்ளலாம். முகப்பில் '17 கல்', '21 கல்' என்று கண்டு மயங்க வேண்டாம். அவை பற்சக்கர அச்சுகள் தேயாமலிருக்கப் பதித்த செயற்கை மாணிக்கங்கள். தனியே எடுத்தால் விலை பெறாது.

சில ஆண்டுகளுக்கு முன், இத்தா முடிந்திருந்த ஒரு லாத்தா மூன்று கடிகாரங்களைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தார். "தம்பி, மூணுக்கும் சேத்து ரெண்டாயிரம் தர்றேங்கிறாரு ஒரு யாவாரி. குடுத்துரட்டுமா?" என்று கேட்டார். அவருடைய கணவர் ஓமானில் நெடுங்காலம் வாகன ஓட்டியாக இருந்தவர். மூன்றில் ஒன்று எஃகு உறையிட்ட ஸ்விஸ் கடிகாரம். அதன் முகப்பில் குறுக்காக வைத்த இரு வாள்களின்மேல் ஒரு வளைந்த கத்தி. அந்தப் படம் இருப்பதால் மதிப்புக் குறைவு என்றும், முகப்பை அழித்து வேறு வண்ணம் பூசினால்தான் விலைபோகும் என்றும் அந்த வியாபாரி சொல்லியிருந்தாராம்.

அந்தக் கத்தியின் பெயர் கஞ்சர். ஓமான் நாட்டுச் சின்னம். 1970 முதல் 2020 வரை ஆட்சி புரிந்த சுல்தான் காபூஸ் அவர்கள் அன்பளிப்பாக வழங்கிய ரோலெக்ஸ் முதலிய கடிகாரங்களில் இச்சின்னம் பொறிக்கப்பட்டதுண்டு. உலகெங்கும் சேகரிப்போர் தேடி அலைவது இந்தச் சின்னத்திற்காகவே. அதை அழித்துவிட்டால் பத்தோடு பதினொன்று. வியாபாரி அறியாமல் சொன்னாரா, அறிந்தே சொன்னாரா என்பதை அல்லாஹ்வே அறிவான்.

விலை விவரத்தைச் சொல்லிவிட்டு, அதைவிடக் கடினமான இன்னொன்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. "லாத்தா, இது உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை." பிள்ளைகள் இருக்கும்போது மனைவியின் பங்கு எட்டில் ஒன்று. கடனும் வஸிய்யத்தும் போக மீதமுள்ளது மற்ற வாரிசுகளுக்கு உரியது. அவர் பிள்ளைகளில் இருவர் பருவமடையாதவர்கள். "இந்தப் பழைய கடியாரத்துக்குமா பங்கு?" என்று அவர் திகைத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டையும் நிலத்தையும் பங்கிட ஆலிம்களை அழைக்கும் நாம், கடிகாரத்தை மட்டும் மூத்த மகன் எடுத்துக் கட்டிக்கொள்வதைக் கேள்வியின்றி ஏற்கிறோம். பெரியவர்கள் மனமுவந்து விட்டுக்கொடுக்கலாம். சிறுவரின் பங்கை விட்டுக்கொடுக்க எவருக்கும் உரிமையில்லை. எத்தீம்களின் பொருளல்லவா அது!

சேகரிக்கும் நண்பர்கள் சிலர் என்னிடம் வாதிடுவதுண்டு: "பல ஆண்டு உழைத்துக் கற்ற அறிவை இலவசமாக ஏன் கொடுக்க வேண்டும்?" இரு வியாபாரிகளுக்கிடையே அது நியாயமான பேச்சாக இருக்கலாம். "இது என்ன பெறும்?" என்று ஒரு விதவை கேட்கும்போது அவர் ஆலோசனை கேட்கிறார், அங்கே பதில் அமானிதம். அவ்வாறு என்னிடம் வந்த பொருளை நான் வாங்குவதில்லை. அந்த ஸ்விஸ் கடிகாரம் இப்போது முகப்பு மாறாமல் வங்கிப் பெட்டகத்தில் இருக்கிறது. சீக்கோவை மூத்த மகன் மதிப்புப் போட்டு, இளையவர்களின் பங்கைப் பணமாக ஒதுக்கிய பின் கட்டிக்கொண்டார்.

முகப்பில் புதுவண்ணம் பூசிய கடிகாரங்களைத் தெரிந்தே 'அசல்' என்று விற்போரைப் பற்றி என்ன சொல்வது? எழுத்துகள் தடித்தோ கலங்கியோ இருந்தாலும், மணிக்கோடுகள் சற்றே விலகி நின்றாலும் ஐயப்படுங்கள். பூசியதை விற்பது குற்றமன்று, மறைப்பதுதான் குற்றம்.

சேகரிப்போர் ஜகாத்தையும் கவனிக்க வேண்டும். கட்டிக்கொள்ளும் எஃகுக் கடிகாரத்திற்கு ஜகாத் இல்லை. விற்கும் எண்ணத்துடன் வாங்கியவை வியாபாரச் சரக்கு. நிஸாபை எட்டி ஓராண்டு கடந்தால், சந்தை மதிப்பில் நூற்றுக்கு இரண்டரை. உங்கள் நிய்யத் எது என்பது உங்களுக்கே தெரியும். தங்க உறையுள்ளவற்றின் கணக்கை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. 1960-களுக்கு முந்திய கடிகாரங்களில் இருளில் ஒளிர்வதற்கென முகப்பிலும் முட்களிலும் ரேடியம் பூசியிருப்பார்கள். இன்று ஒளி மங்கியிருந்தாலும் ரேடியம் அப்படியே இருக்கும். அதன் வீரியம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் ஆகும். அத்தகைய கடிகாரத்தை வீட்டில் திறக்காதீர்கள், முகப்பைச் சுரண்டாதீர்கள், பிள்ளைகளிடம் விளையாடக் கொடுக்காதீர்கள்.