கடல் கடந்த மகளின் முதல் வரிக் கணக்கு

மருதமுனையிலிருந்து பிரதான வீதியால் தெற்கே வந்தால் பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வருகின்றன. கிழக்கே கடல், மேற்கே வயல். 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறிவந்த கரை இது. இங்கே மீண்டும் எழும்பிய வீடுகள் பலவற்றில் வெளிநாட்டு உழைப்பும் கலந்திருக்கிறது.

சவூதி, குவைத், கட்டார் போய் உழைத்த எமது பெண்களுக்கு வருமான வரி பழக்கமில்லாத விடயம். அந்நாடுகளில் சம்பளத்துக்கு வரி கிடையாது. ஆனால் கனடா போன்ற நாட்டுக்குக் குடும்பமாகக் குடிபெயரும் பெண்ணுக்கு அடுத்த ஆண்டே வரி விபரத்திரட்டு நிரப்பும் காலம் வந்துவிடுகிறது. "நான் உழைக்கிறதில்லையே, எனக்கென்ன வரி?" என்பதுதான் அநேகரின் கேள்வி.

றமழானில் சகாத் கணக்குப் பார்ப்பவர்கள் நாம். சகாத், குறித்த அளவு செல்வம் உள்ளவருக்கே கடமை. கனடாவின் விபரத்திரட்டு அப்படியல்ல. வருமானமே இல்லாத தாயும் அதை நிரப்பினால்தான் பிள்ளைகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு தடையின்றி வரும். 2016 ஜூலையில் தொடங்கிய இக்கொடுப்பனவு, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 2025 ஜூலை முதல் ஓராண்டுக்கு ஆகக்கூடியது 7,997 டொலர். தாயும் தந்தையும் ஒரே வீட்டில் இருந்தால், பொதுவாக இது தாயின் பெயருக்கே வரும். கணவரும் தன் விபரத்திரட்டைக் கொடுக்க வேண்டும்.

நிரந்தர வதிவுரிமை பெற்றவர்களும் அகதிகளாக ஏற்கப்பட்டவர்களும் போய்ச் சேர்ந்ததும் இதற்கு விண்ணப்பிக்கலாம். தற்காலிக அனுமதியில் இருப்பவர்கள் முதலில் 18 மாதங்கள் அங்கு வாழ்ந்திருக்க வேண்டும்.

அங்கே வரி ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. சம்பளத்துக்கு வேலை செய்பவர்களுக்கு இறுதித் திகதி அடுத்த ஏப்ரல் 30. கையில் இருக்க வேண்டியவை ஒன்பது இலக்கச் சமூகக் காப்புறுதி எண், நாட்டுக்குள் நுழைந்த திகதி, கணவரின் விபரம், வேலை செய்திருந்தால் முதலாளி கொடுக்கும் சம்பளத் துண்டு. குடியேறிய நாளிலிருந்து உலகில் எங்கிருந்து வருமானம் வந்தாலும் காட்ட வேண்டும். ஊரில் வாடகைக்கு விட்ட வீடும், குத்தகைக்குக் கொடுத்த வயலும் இதில் அடங்கும். கொண்டுபோன நகையும் சேமிப்பும் வருமானம் அல்ல. குறைந்த வருமானமுள்ளோருக்குத் தொண்டர்கள் இலவசமாக நிரப்பிக் கொடுக்கும் ஏற்பாடும் அங்குண்டு.

யுத்தத்திலும் சுனாமியிலும் பத்திரங்களை இழந்து, ஒரு கையொப்பத்துக்காகக் கந்தோர் கந்தோராக அலைந்த கரை இது. கணவர் பெயரில் மட்டுமே எல்லாம் இருந்ததால், அவர் இல்லாமற்போன பின் தன் வீட்டுக்கே உரிமை காட்ட முடியாமல் தவித்த பெண்களை நாம் அறிவோம். அந்த நிலை பிள்ளைகளுக்கு அங்கே வரக்கூடாது. எனவே, வெளிநாட்டிலுள்ள உங்கள் மகளிடம் அடுத்த முறை பேசும்போது, "உன் பெயரில் கணக்குக் கொடுத்தாயா?" என்று கேளுங்கள். படிவத்தின் பிரதி ஒன்றைத் தன் கையிலும் வைத்திருக்கச் சொல்லுங்கள்.