குதிரையின் காலடியில் ஒரு வெட்டு

போலிக் காசு என்று தெரிந்தே ஒன்றை விற்றிருக்கிறேன். விற்றது இணைய ஏலத்தில். வாங்கியவர் வந்தவாசிப் பக்கத்து ஊர் ஒன்றில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர். நானும் ஏமாந்து வாங்கியவன்தான் என்பது பாதி உண்மை. விற்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது என்பது மீதிப் பாதி.

திருவண்ணாமலையில் பழங்காசு யார் கையில் கிடைத்தாலும் என்னிடம் கொண்டுவந்து காட்டுவது வழக்கம். அவற்றில் பெரும்பாலும் சாமி படம் போட்ட செப்புக் காசுகளே இருக்கும். ஒரு பக்கம் அனுமன் அல்லது ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, அரையணா, 1818. கோயிலூர்களில் பூஜைப் பொருளோடு விற்பதை வாங்கி வைத்திருந்துவிட்டு, ஏலத்தில் போட்டால் லட்சக்கணக்கில் போகுமாமே என்று கேட்பார்கள். கம்பெனி சாமி உருவம் போட்டுக் காசு அடித்தது உண்மைதான். சென்னைப் பகுதியில் வழங்கிய மூன்று சுவாமி வராகனில் பெருமாள் இரண்டு தேவியரோடு நிற்கிறார். ஆனால் அது தங்கக் காசு. 1835-ல் எல்லா மாகாணங்களுக்கும் ஒரே மாதிரிக் காசு வந்தபோது அரையணாவில் இருந்தது கம்பெனியின் சின்னம். அனுமன் அரையணா கம்பெனியின் எந்த அக்கசாலையிலும் பிறக்கவில்லை. 2012-ல் வெளிவந்த வைஷ்ணவ தேவி ஐந்து ரூபாய் நாணயத்துக்கு லட்சங்கள் தருவதாக வரும் விளம்பரங்களையும் நம்பாதீர்கள் என்பேன். பழைய நோட்டு, நாணய விற்பனையில் தன் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தபோது அதை அச்செடுத்துப் பலருக்கும் கொடுத்தேன்.

இந்த மலிவான போலிகளைச் சுட்டிக்காட்ட நான் ஒருநாளும் தயங்கியதில்லை. அதில் எனக்கு இழப்பு எதுவும் கிடையாது, நல்ல பெயர்தான் கிடைத்தது. அந்தப் பெயரை வைத்துத்தான் பின்னால் தவறு செய்தேன்.

எனக்கு உயிரான காசு மலையமான் காசு. தென்பெண்ணைக் கரையில், திருக்கோவலூரை இருப்பிடமாகக் கொண்டு ஆண்ட சங்க கால வேளிர் குடியினர் வெளியிட்டது. சிறிய சதுரச் செம்பு. ஒரு பக்கம் குதிரை, மறுபக்கம் மலையும் ஆறும். சிலவற்றில் தமிழ் பிராமியில் மலையமான் என்றே பெயர் இருக்கும். மலையமான் குடித் தலைவன் திருமுடிக்காரியைப் புலவர்கள் பாடிய பாட்டு இருக்கிறது; அந்தக் குடி உண்மையில் ஆண்டது என்று கையில் எடுத்துக் காட்ட இந்தச் செம்புத் துண்டு இருக்கிறது. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி போன்றவர்கள் ஆற்றுப் படுகைகளில் கிடைத்த இத்தகைய காசுகளைத் தேடித் தேடிப் படித்ததால்தான் சங்க கால வேந்தர்களின் காசுகள் பற்றி இன்று நிச்சயமாகப் பேச முடிகிறது. எங்கள் மாவட்டத்திலேயே, செங்கம் அருகே ஆண்டிப்பட்டியில், தமிழ் பிராமி எழுத்துள்ள ஈயக் காசுகள் புதையலாகக் கிடைத்திருக்கின்றன.

எழுத்துள்ள மலையமான் காசு ஒன்று ஏலத்துக்கு வந்ததும் படத்தைப் பார்த்தே விலை கேட்டு எடுத்தேன். சில மாதம் கழித்து வேறொருவர் பெயரில் அதேபோல் ஒரு காசு ஏலத்துக்கு வந்தது. குதிரையின் முன்காலுக்குக் கீழே, ஓரத்தில், சிறிய வெட்டு. என் காசிலும் அதே இடத்தில் அதே வெட்டு. ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுகளில் உருவம் ஒன்றாக இருக்கலாம். ஆனால் மண்ணிலும் மனிதர் கையிலும் பட்ட காயம் இரண்டிலும் ஒன்றாக இருக்கவே முடியாது. இருந்தால், காயம்பட்ட ஒரு காசை வைத்து அச்சு எடுத்து இரண்டையும் வார்த்திருக்கிறார்கள் என்று பொருள். உருப்பெருக்கியில் பார்த்தேன். பரப்பில் காற்றுக் குமிழ் விட்ட சிறு குழிகள். விளிம்பில் வார்ப்புக் கோட்டை அரம் போட்டுத் தேய்த்த தடம். அசிட்டோனில் ஊறவைத்தபோது பச்சைக் களிம்பு பெயிண்ட் போல உரிந்து வந்தது.

ஏலத் தளத்தில் புகார் தெரிவிக்கத் தனிப் பொத்தான் இருந்தது. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பியிருந்தாலே போதும். பணம் போனதற்கு 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் பிரிவை அழைத்திருக்கலாம். சட்டத்தின் கண்ணில் இது கள்ள நாணயக் குற்றம் ஆகாது. புழக்கத்தில் பணமாக இருப்பதைத்தான் சட்டம் நாணயம் என்கிறது. ஆனால் இது மோசடி. பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு அதற்கு உண்டு. இவ்வளவும் தெரிந்தும் நான் எதையும் செய்யவில்லை.

காரணத்தை மறைக்காமல் சொல்கிறேன். புகார் கொடுத்தால் என் மற்ற காசுகள் எங்கிருந்து வந்தன என்று யாராவது கேட்பார்கள். அவை ஆற்றில் மணல் சலிப்பவர்களிடம் நான் நேரடியாக வாங்கியவை. மண்ணில் புதைந்து கிடைப்பது பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். அவர்களும் தெரிவிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை வணிகமாக விற்க உரிமம் வேண்டும். என்னிடம் உரிமம் இல்லை, ஆனாலும் அவ்வப்போது விற்றேன். போலியைக் காட்டிக்கொடுக்க முடியாதபடி என் வாயைக் கட்டியவை என்னிடமிருந்த அசல் காசுகள். போலி செய்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும் என்று நினைக்கிறேன். எங்களைப் போன்றவர்களின் மௌனத்தை நம்பித்தான் அவர்கள் தொழில் நடக்கிறது.

அதோடு நிறுத்தியிருந்தால் கோழைத்தனம் என்ற அளவில் போயிருக்கும். போட்ட பணம் மனத்தை அரித்தது. ‘வாங்கியபடியே தருகிறேன், உத்தரவாதம் இல்லை’ என்று ஒரு வரி சேர்த்து அந்தக் காசை மறுபடி ஏலத்தில் ஏற்றினேன். எழுதும்போதே அந்த வரி என் மனசாட்சிக்காக எழுதியது என்று தெரியும். ஆசிரியர் போன் செய்தார்.

“அண்ணா, ஒரிஜினல்தானே? நீங்க சொன்னா போதும், வாங்கிடறேன்.”

“பார்த்தா அப்படித்தான் தெரியுது தம்பி” என்றேன்.

போன மாதம் அவரே மறுபடி அழைத்தார். அந்தக் காசைப் பள்ளிக் கண்காட்சியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறாராம். பிள்ளைகள் எழுத்தைப் பார்த்துப் பார்த்துத் தமிழ் பிராமி எழுதப் பழகுகிறார்களாம். ஒரு மாணவி அதைப் பற்றிக் கட்டுரை எழுதி மாவட்டப் போட்டிக்கு அனுப்பப் போகிறாளாம். நான் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று தொடங்கி முழுவதையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. நெடுநேரம் கழித்து, “அந்தப் பொண்ணுகிட்ட நான் என்னண்ணா சொல்றது?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பணம் அனுப்பிவிட்டேன். இரண்டு படங்களோடு ஏலத் தளத்துக்கும் காவல்துறைக்கும் எழுதியிருக்கிறேன், என் பெயரைப் போட்டு, நானும் விற்றேன் என்பதைச் சேர்த்து. ஆட்சியர் அலுவலகத்துக்குத் தனி மனு. எந்தக் காசு எந்த ஊர்ப் படுகையில் கிடைத்தது என்று நினைவிருந்தவரை எழுதினேன். மணல் சலித்தவர்களின் பெயர்களை எழுதவில்லை. அவர்கள் வயிற்றுக்காக விற்றார்கள். காசுகளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று நண்பர்கள் எச்சரிக்கிறார்கள். எடுத்துக்கொள்ளட்டும். வரும் சனிக்கிழமை அந்தப் பள்ளிக்குப் போகிறேன். அந்த மாணவியிடம் நானே சொல்வதாக ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறேன். வெட்டு எங்கே இருக்கிறது என்று காட்ட உருப்பெருக்கியை எடுத்துப் போகிறேன்.